எனலாம் சாரின் வரலாற்றுக் கட்டுரை

மழை பெய்கிறதா என்று சிலரைக் கேட்டுப் பாருங்கள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "பெய்யுதுன்னு பேசிக்கிறாங்க" என்பார்கள். குழம்பில் உப்பு சரியா என்று கேளுங்கள். வாயில் இருப்பதை விழுங்காமல் பக்கத்துத் தட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பார்கள்; அவர் முகம் சுளித்தால் உப்பு அதிகம், அவர் தலையாட்டினால் சரி, அவரும் இவரையே பார்த்தால் ஆபத்து, இருவரும் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கச் சோறு ஆறிப்போகும். மதில்மேல் பூனை என்று இவர்களைச் சொல்வது பூனைக்குச் செய்யும் அவமானம். பூனை என்றைக்காவது ஒரு பக்கம் குதித்துத் தொலைக்கும். இவர்களோ மதிலின் மேலேயே குடிபுகுந்து, பாய் விரித்து, இந்தப் பக்கத்து வீட்டாரின் கருத்தையும் அந்தப் பக்கத்து வீட்டாரின் கருத்தையும் வாங்கிச் சாப்பிட்டுச் சௌக்கியமாகக் காலம் தள்ளுபவர்கள். சொந்தமாகக் கருத்தே இல்லாமல் சதா கருத்துரைக்கும் இந்த அபூர்வப் பிறவிகளை இன்று சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். பயப்படாதீர்கள், கடிக்க மாட்டார்கள். கடிப்பது என்றால் முதலில் யாராவது கடித்திருக்க வேண்டும்.

இந்த இனத்தின் சகல லட்சணமும் பொருந்திய ஒருவர் நகரப் பதிவு அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பிரிவில் எழுத்தராக இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிர் வாழ்கிறது. மற்றபடி வாயிற்காவலர் முதல் மேலதிகாரி வரை எல்லோருக்கும் அவர் எனலாம் சார். பதினாறு வருஷ உத்தியோகத்தில் அவர் எழுதிய ஒவ்வொரு குறிப்பும் அந்தத் திருச்சொல்லில்தான் முடிந்திருக்கிறது. 'மனுதாரரின் கோரிக்கை பரிசீலிக்கத்தக்கது எனலாம்.' மேலதிகாரி கடுப்பாகி, 'தக்கதா, இல்லையா?' என்று பென்சிலால் கேட்டுத் திருப்பி அனுப்பினால், 'தக்கது எனவும், தகாதது எனவும் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன' என்று இன்னொரு குறிப்பு மேலே போகும். அந்த இருவேறு கருத்துகள் எங்கே நிலவுகின்றன, யார் தலைக்குள் நிலவுகின்றன என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஒரு முறை, இறந்தவர்கள் பட்டியலில் தன் பெயர் தவறாக ஏறிவிட்டது என்று ஓர் ஆள் நேரில் வந்து நின்றார். நல்ல திடகாத்திரமான ஆள். படியேறி வந்த மூச்சுகூட இன்னும் அடங்கவில்லை.

"சார், நான் சாகலை சார்" என்றார்.

எனலாம் சார் பதிவேட்டைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். மறுபடி பதிவேட்டைப் பார்த்தார்.

"ஒருபக்கம் நீங்க உயிரோட இருக்கிறதா நீங்க சொல்றீங்க" என்றார் நிதானமாக. "மறுபக்கம், பதிவேடு வேற மாதிரி சொல்லுது. ரெண்டையும் மதிக்கணும் இல்லையா?"

அந்த ஆள் போட்ட சத்தத்தில் மேலதிகாரியே இறங்கி வந்துவிட்டார். இப்படிக் கத்தக்கூடியவர் செத்திருக்க முடியாது என்று மேலதிகாரி தீர்ப்புச் சொன்ன பிறகுதான் எனலாம் சாருக்கும் அவர் உயிரோடு இருப்பது தெரிந்தது.

இப்பேர்ப்பட்டவர் வரலாறு படிக்கப் போனார். ஏன் போனார்? பிரிவுக் கண்காணிப்பாளர் நாற்காலி வருகிற ஆண்டு காலியாகிறது. அதில் உட்காரப் பட்டம் வேண்டும். எனலாம் சாரிடம் பட்டம் இல்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்து, அவரிடமே கோப்புக் கட்டக் கற்றுக்கொண்ட சின்ன எழுத்தரிடம் இருக்கிறது. அந்தச் சின்ன எழுத்தர் இப்போதே நாற்காலியின் கால் ஆடுகிறதா என்று அவ்வப்போது போய் அசைத்துப் பார்க்கிறார். ஆகவே எனலாம் சார் மாலைக் கல்லூரியில் சேர்ந்தார். மற்றத் தாள்களை எல்லாம் மனப்பாடம் காப்பாற்றிவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் காலை வாரியது. நாலாயிரம் சொல்லில் ஓர் ஆய்வுக் கட்டுரை. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்றாகிவிட்டது. ஆறு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் பதிவு காலாவதி என்பது கல்லூரி விதி. இது ஆறாவது வருஷம். இந்த முறையும் போனால் போனதுதான், பட்டமும் இல்லை, நாற்காலியும் இல்லை, சின்ன எழுத்தருக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும்.

கட்டுரைத் தலைப்பு ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. எண்பது வருஷத்துக்கு முன் அதே நகரத்தில் ஒரு நாள் சாயங்காலம் முன்னூறு பெண்கள் கூட்டமாகக் கிளம்பி, தெருக்குழாய்களின் திருகுகளை எல்லாம் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டு போய்க் குடிநீர் அலுவலகத்து வாசலில் கொட்டினார்கள். ஜன்னல்கள் உடைந்தன. ஒன்பது பேர் கைதானார்கள். இதற்குக் குழாயடிக் கலகம் என்று பெயர். 'குழாயடிக் கலகம் ஏன் மூண்டது? மூல ஆதாரங்களையும் வரலாற்றாசிரியர்களின் விளக்கங்களையும் எடைபோட்டு உமது முடிவைக் கூறுக.' இவ்வளவுதான் கேள்வி. அதில் 'உமது' என்ற சொல்லைப் பார்த்ததும் எனலாம் சார் அது அச்சுப்பிழையாக இருக்கும் என்று முடிவு கட்டினார்.

இந்த இனத்தார் கட்டுரை எழுதும் அழகே தனி. முதலில் அட்டை போடுவார்கள். பிறகு நான்கு நிறப் பேனா வாங்குவார்கள். பிறகு நூலகத்தில் மிகக் கனமான புத்தகங்களைத் தூக்கி வந்து, அவற்றைப் படிக்காமல், முதுகு தெரியும்படி மேசையில் அடுக்கி, அடுக்கிய புத்தகங்களைப் பார்த்துக்கொண்டே ஒரு காப்பி குடித்துவிட்டு, இன்றைக்கு நிறைய வேலை நடந்தது என்று திருப்தியாக எழுந்திருப்பார்கள். எழுதத் தொடங்கும்போது கேள்விக்குப் பக்கத்திலேயே போக மாட்டார்கள், ஆதியிலிருந்து வருவார்கள். 'மனிதன் தோன்றிய நாள்முதல் தண்ணீர் குடித்து வருகிறான் எனலாம்.' இது எனலாம் சாரின் கட்டுரையில் முதல் வாக்கியம். இரண்டாவது, 'தண்ணீர் இன்றி உயிர் வாழ்தல் அரிது என்பர் அறிஞர்.' குழாய் வருவதற்கே பதினோரு பக்கம் ஆனது. கலகம் வருவதற்குள் சொற்கணக்கு தீர்ந்துவிட்டது.

இரண்டாம் முறை எழுதியபோது பண்டைய மனிதனைக் கைவிட்டுவிட்டு மேற்கோளைப் பிடித்துக்கொண்டார். குழாயடிக் கலகத்தைப் பற்றி இரண்டு பெரிய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியது குண்டுப் புத்தகம். வெளியாட்கள் தூண்டிவிட்டார்கள், இது ஒரு சதி என்பது அதன் கட்சி. இன்னொருவருடையது ஒல்லிப் புத்தகம். அந்த வருஷம் மழை பொய்த்தது, பஞ்சம்தான் காரணம் என்பது அதன் கட்சி. எனலாம் சார் இரண்டையும் படிக்கவில்லை. இரண்டையும் சுருக்கித் தரும் ஒரு தொகுப்பு நூல் கிடைத்தது. அதிலும் மேலே உள்ள பத்திகளை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருந்த அடிக்குறிப்புகளை மட்டும் நான்கு நிறத்தில் நகலெடுத்தார். அறிவாளிகள் எல்லாம் அடியில்தான் இருப்பார்கள் என்பது அவர் நம்பிக்கை. அங்கேதான் அவர் ஒரு மகா அறிஞரைக் கண்டுபிடித்தார்.

அந்த இரண்டாம் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றுப் பேராசிரியை அவரைக் கூப்பிட்டனுப்பினார். அவரை விட ஐந்து வயது சின்னவர். கூர்மையான குரல். இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுவார்.

"உட்காருங்க. யாருங்க இந்த மே.கு.நூ.?"

எனலாம் சாரின் முகம் மலர்ந்தது. "பெரிய அறிஞர் மேடம். இந்தக் கலகத்தைப் பத்தி அவர் அளவுக்கு யாருமே எழுதினதில்லை. நானே இருபத்திரெண்டு இடத்துல பார்த்தேன்."

"நீங்க எழுதியிருக்கிறதை வாசிக்கிறேன், கேளுங்க. 'பேரறிஞர் மே.கு.நூ. அவர்கள் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இது சதி என்கிறார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இது பஞ்சம் என்கிறார். இவ்வாறு தம் கருத்தைத் தாமே மறுக்கும் பரந்த உள்ளம் படைத்த நடுநிலையாளர் அவர் எனலாம்.'"

"ஆமா மேடம். அவர்கிட்ட எனக்குப் பிடிச்சதே அதுதான்."

பேராசிரியை இருமல் மிட்டாயைக் கடித்து நொறுக்கினார். "மே.கு.நூ.ன்னா மேற்குறிப்பிட்ட நூல். மேல ஒரு புத்தகத்தோட பேர் சொன்னதுக்கப்புறம் திரும்பத் திரும்ப முழுப் பேரும் எழுதாம இருக்கிறதுக்குச் சுருக்கம். நாற்பத்து மூணு குண்டுப் புத்தகத்துப் பக்கம். நூத்திப் பன்னெண்டு ஒல்லிப் புத்தகத்துப் பக்கம்."

எனலாம் சாருக்குக் காது இரண்டும் சூடேறின. மூன்று மாதமாக அவர் ஒரு ஆளைக் குருவாக வைத்து மனதுக்குள் மாலை போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் பிறக்கவே இல்லை. பிறப்புப் பிரிவு எழுத்தருக்கு இதைவிட ஓர் அவமானம் வேண்டுமா?

"சார், கோவிச்சுக்காதீங்க" என்றார் பேராசிரியை. "ஒருத்தர் அலுவலகக் கடித அலமாரியைத் திறந்து உட்கார்ந்தார்; அவர் கண்ணுக்குச் சதி தெரிஞ்சது. இன்னொருத்தர் மழைக்கணக்கு அலமாரியைத் திறந்தார். அவருக்குப் பஞ்சம் தெரிஞ்சது. அவங்க ஏன் வேற வேற சொல்றாங்க, யார் சொல்றது ஆதாரத்துக்கு முன்னால நிக்குது, அதைத்தான் நீங்க சொல்லணும். நீங்க எந்த அலமாரியையும் திறக்கலை. நான் அஞ்சு மூல ஆதாரம் நகல் எடுத்துக் கொடுத்தேனே, பிரிச்சீங்களா?"

"பத்திரமா வச்சிருக்கேன் மேடம்."

"பிரிச்சீங்களான்னு கேட்டேன்."

பிரிக்கவில்லை. ஆனால் அதை அவர் எப்படிச் சொன்னார் தெரியுமா? "பிரிக்கப்படலை மேடம்" என்றார். பிரிக்காத பாவத்தைச் செய்தவர் யாரோ மூன்றாம் மனிதர் மாதிரி.

"உங்க கருத்து வேணும் எனக்கு. உங்களோடது! அடுத்தவங்க முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு வரலாறு எழுத முடியாது. இது கடைசித் தடவை, ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் அந்த வீராங்கனை. இந்த வசனத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு மேசை முழுக்க எனலாம் சார் காகிதத்தைப் பரப்பியிருந்தார். ஐந்து ஆதாரங்களையும் ஒருவழியாகப் பிரித்து, வரிசையாக வைத்து, அவற்றைப் பார்த்துக்கொண்டு, யாராவது வந்து இவற்றுக்கு அர்த்தம் சொன்னால் மேற்கோள் காட்டலாமே என்று ஏக்கத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஒரு தையல் ஆலையில் மேற்பார்வையாளர். வாரத்தில் ஒருநாள்தான் வீட்டில் இருப்பவர். அந்த ஒருநாளும் மேசையில் தட்டு வைக்க இடமில்லை என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் பொறுக்கும்?

"ஏங்க, இதையெல்லாம் எடுத்தா சாப்பிடலாம். இல்லேன்னா காகிதத்தையே சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு தாளை எடுத்தார். எடுத்தவர் படித்தார். குடிநீர் அலுவலகம் சுவரில் ஒட்டிய அறிவிப்பின் நகல் அது. இதுவரை காலை ஐந்து முதல் ஏழு வரை திறந்த குழாய்கள் இனிமேல் எட்டு முதல் பத்து வரை மட்டுமே திறக்கப்படும். கீழே தேதி.

"எட்டு மணிக்குத் திறந்தா எவ வீட்ல இருப்பா?" என்றார்.

"என்ன?"

"எட்டு மணிக்குங்க! நான் ஆறே முக்காலுக்கு ஆலை வாசல்ல அட்டை காட்டிட்டு உள்ள போறேன். எட்டு மணிக்கு எந்த மகராசி குடத்தோட நிப்பா? அந்தக் காலத்துல இங்க பொம்பளைங்க என்ன வேலை பார்த்தாங்க?"

"நெசவாலை" என்றார் எனலாம் சார். சொல்லும்போதே நாலாவது ஆதாரத்தின் பக்கம் கண் போனது. நெசவாலை வாயிற்பதிவேடு. பெண்கள் உள்ளே போகும் நேரம் ஏழு. வெளியே வரும் நேரம் ஆறு. ஐந்தாவது ஆதாரம், கைதான ஒரு பெண் நீதிமன்றத்தில் சொன்ன வாக்குமூலம்: 'தண்ணி வந்தப்போ நான் தறியில நின்னேன். நான் வீட்டுக்கு வந்தப்போ குழாய்ல காத்துதான் வந்துச்சு.' அறிவிப்பு ஒட்டிய நாளுக்கும் கலகத்துக்கும் நடுவில் மூன்றே வாரம்.

எனலாம் சாருக்கு என்னவோ செய்தது. இருந்தாலும் பழக்கம் விடுமா?

"ஒருபக்கம் நீ சொல்றதும்..."

"ஒருபக்கம் மறுபக்கம்னு புரண்டு புரண்டு படுக்க இது என்ன பாயா? தட்டை வைங்க."

சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்பது அவருக்குத் தெரியாது. கை கழுவின ஈரத்தோடு திரும்பி வந்து, முதல் ஆதாரத்தை எடுத்தார். குடிநீர் அலுவலகப் பொறியாளர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிய அறிக்கை. வெளியாட்கள் தூண்டினார்கள், அலுவலகத்தின்மேல் எந்தத் தவறும் இல்லை என்கிறது அது. குண்டுப் புத்தகம் முழுக்க இந்த அறிக்கையின் தோளில்தான் ஏறி நிற்கிறது. கலகம் நடந்தது பன்னிரண்டாம் தேதி, அறிக்கை பதின்மூன்றாம் தேதி, சூடு ஆறும் முன் எழுதப்பட்டதால் மிகவும் நம்பத்தக்கது என்று அது நற்சான்றும் கொடுத்திருக்கிறது.

வரலாறு எனலாம் சாருக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலுவலகக் கடிதம்? பதினாறு வருஷமாக அதில்தானே அவர் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார்! எந்தக் கடிதத்தைக் கையில் எடுத்தாலும் அவர் கண் தானாக உச்சிக்குப் போகும். பொருள், அதன் கீழே பார்வை. எந்தக் கடிதத்துக்குப் பதிலாக இந்தக் கடிதம் எழுதப்படுகிறது என்று சொல்லும் வரிக்குத்தான் பார்வை என்று பெயர். வரலாற்றாசிரியர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை. எழுத்தர்கள் அதைத்தான் படிப்பார்கள்.

'பொருள்: குழாய் நேர மாற்றம், விளக்கம் அளித்தல். பார்வை: தலைமை அலுவலகக் கடிதம், நாள் இம்மாதம் 19.'

எனலாம் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பத்தொன்பதுதான். பதின்மூன்றாம் தேதி எழுதின அறிக்கை பத்தொன்பதாம் தேதி வரப்போகிற கடிதத்துக்கு எப்படிப் பதில் சொல்லும்?

"அடப்பாவி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரை?"

"இந்தப் பொறியாளரை. ஏன் நேரத்தை மாத்தினேன்னு மேலிடத்துலேருந்து கடிதம் வந்திருக்கு. அதுக்கப்புறம் உட்கார்ந்து, எல்லாம் வெளியாள் வேலைன்னு எழுதி, மறுநாளே எழுதின மாதிரி முன்தேதி போட்டிருக்கான். பார்வையை மாத்த மறந்துட்டான்."

"அதெப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

எனலாம் சார் அவசரமாக அடுத்த தாளை எடுத்தார். முன்தேதி போடும் கலையில் ஒரு பதிவு அலுவலக எழுத்தருக்கு ஏற்படக்கூடிய அனுபவத்தைப் பற்றி நாமும் கிளறாமல் விட்டுவிடுவோம்.

அன்றைக்கே ஒல்லிப் புத்தகத்தையும் எடுத்து, அதன் கடைசியில் இருந்த மழைக்கணக்கைப் பார்த்தார். கலக வருஷம் மழை குறைவு, உண்மைதான். ஆனால் அதற்கு முந்தின வருஷம் இன்னும் குறைவு. அப்போது ஒரு திருகுகூடக் கழன்றதில்லை. அப்படியென்றால் தண்ணீர் குறைந்தது பழைய கஷ்டம். நேரம் மாறியதுதான் புதிய கஷ்டம். எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள், படித்தால்!

ஆனால் எழுதும்போதுதான் கண்டம் வந்தது. இதை எந்த வரலாற்றாசிரியரும் சொல்லவில்லை. மேற்கோள் இல்லை. அடிக்குறிப்பில் சாய்ந்துகொள்ள ஒரு தோள்கூட இல்லை. எனலாம் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: 'இவ்வறிக்கை பிற்பாடு எழுதப்பட்டு முன்தேதியிடப்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகிறது.'

தோளுக்கு மேலே நின்று மனைவி படித்தார். "யாரு கருதுறா?"

"பொதுவா."

"பொதுவான்னா? இந்த வீட்ல நீங்களும் நானும்தான் இருக்கோம். நான் கருதலை, எனக்கு நிச்சயமாத் தெரியும். நீங்க?"

"தப்பாப் போயிட்டா?"

"ரெண்டு தடவை அடுத்தவங்க சொன்னதை எழுதித்தானே கோட்டை விட்டீங்க? இந்தத் தடவை சொந்தமாக் கோட்டை விடுங்களேன்."

அடித்தார். திருத்தி எழுதினார். 'இந்த அறிக்கை பிறகு எழுதப்பட்டு முன்தேதியிடப்பட்டது.' முற்றுப்புள்ளி. அந்த வாக்கியத்தைப் பார்க்கவே அவருக்குச் சட்டை போடாமல் தெருவுக்கு வந்துவிட்ட மாதிரி கூசியது. ஆனாலும் விட்டுவிட்டார். ஆண்டவனே, பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே முதல் பக்கத்தில் முடிவைச் சொல்லி, ஆதாரத்தை ஒவ்வொன்றாக நிறுத்தி, குண்டுப் புத்தகம் எங்கே ஏமாந்தது, ஒல்லிப் புத்தகம் எதைப் பாதி பார்த்தது என்று நாலாயிரம் சொல்லையும் எழுதி முடித்தார்.

கட்டுரையைப் பற்றிய நேர்முகத் தேர்வு கடைசி நாள் மூன்று மணிக்கு. ஐந்து மணிக்கு மதிப்பெண் படிவம் தேர்வு அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். பேராசிரியை கட்டுரையை மேசையில் வைத்து, அதன்மேல் கையை வைத்திருந்தார், பறந்துவிடும் என்பது போல.

"இந்த முன்தேதி விஷயத்தை எந்தப் புத்தகத்துல எடுத்தீங்க?"

"புத்தகத்துல இல்லைங்க மேடம். பார்வைல இருக்கு."

"யாரோட பார்வைல?"

"கடிதத்தோட பார்வைல மேடம்" என்று நகலை எடுத்து விரல் வைத்துக் காட்டினார்.

பேராசிரியை பார்த்தார். பதின்மூன்றைப் பார்த்தார், பத்தொன்பதைப் பார்த்தார். பத்து வருஷமாக அதே நகலை மாணவர்களுக்குக் கொடுத்து வருபவர். இருமல் மிட்டாய் அந்தக் கன்னத்திலிருந்து இந்தக் கன்னத்துக்கு வந்தது.

"இதை இதுவரைக்கும் யாருமே சொன்னதில்லையா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க."

"குண்டுப் புத்தகம் எழுதினவர் என் ஆசிரியருக்கே ஆசிரியர். அவர் கண்ணுக்குத் தப்பியிருக்குமா?" என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டவர், பிறகு இவரைப் பார்த்து, "ஒருபக்கம் நீங்க சொல்றதுல நியாயம் இருக்கிற மாதிரிதான் இருக்கு. மறுபக்கம், பெரியவங்க யாரும் சொல்லாததை நாம எப்படி..." என்று இழுத்தார்.

எனலாம் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் குரல் அவருக்குப் பழக்கமான குரல். பதினாறு வருஷமாகத் தினமும் கேட்கும் குரல். இவ்வளவு நாளும் அது தம் வாயிலிருந்து வந்ததால், கேட்க எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

பேராசிரியை தொலைபேசியை எடுத்து இரண்டாவது மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். "நீங்க என்ன போட்டிருக்கீங்க? அதை ஒட்டியே போட்டுடலாம்" என்றது மறுமுனை. துறைத் தலைவரைக் கூப்பிட்டார். "முன்னுதாரணம் இருக்கான்னு பாருங்க. ரெண்டாவது மதிப்பீட்டாளர் என்ன சொல்றார்?" என்றது அந்த முனை. நாலு மணி ஆயிற்று. நாலேகால் ஆயிற்று. நன்று என்று ஒருவரும் சொல்லவில்லை. மோசம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. மூன்று பட்டதாரிகளின் நடுவில் எனலாம் சாரின் கண்காணிப்பாளர் நாற்காலி அந்தரத்தில் தொங்கியது. நாலரைக்குப் பேராசிரியை, "அடுத்த மாசம் குழுவுல வச்சுப் பார்க்கலாமா?" என்றார்.

அடுத்த மாதம் பதிவு காலாவதி. அது அவருக்கும் தெரியும்.

வீட்டில் மனைவி கேட்டால் என்ன சொல்வது என்று எனலாம் சார் நினைத்தார். சின்ன எழுத்தர் நாற்காலியை அசைத்துப் பார்ப்பது கண்ணில் வந்து போனது. எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், இது தேறின கட்டுரை."

"யார் சொல்றா?"

"நான் சொல்றேன் மேடம். அறிவிப்பு இருக்கு, ஆலைப் பதிவேடு இருக்கு, அந்தம்மா வாக்குமூலம் இருக்கு, பார்வைல தேதி இருக்கு. இதுல எது தப்புன்னு நீங்க சொல்லுங்க, நான் போயிடறேன்."

பேராசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் ஒரு தெளிவு பிறந்தது. அப்பாடா, ஆள் கிடைத்துவிட்டது! படிவத்தை இழுத்து, 'மதிப்பீட்டாளர் கருத்து' என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'கட்டுரை தேர்ச்சிக்குரியது என மாணவர் தெரிவிக்கிறார். மதிப்பெண் அறுபத்தொன்று.' கீழே இரண்டாவது மதிப்பீட்டாளர் வந்து, 'அவ்வாறே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். துறைத் தலைவர், 'மேற்கண்டோரின் கருத்துடன் உடன்படுகிறேன்' என்று முத்திரை குத்தினார். ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் படிவம் தேர்வு அலுவலகம் போய்ச் சேர்ந்தது. அந்தப் படிவத்தில் மூன்று அறிஞர்களின் கையெழுத்து இருக்கிறது. கருத்து ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சொன்னவர் தேர்வு எழுத வந்தவர்.

அவர் பாடு தீர்ந்தது. உங்கள் பாடு என்ன? இவ்வளவு தூரம் படித்தீர்களே, எப்படி இருந்தது? பார்த்தீர்களா, உடனே யார் பக்கமாகவோ திரும்புகிறீர்கள்! நாளைக்கு நாலு பேர் நடுவில் இந்தப் பேச்சு வந்து, நல்லா இருந்ததா என்று யாராவது கேட்டால், முதலில் அவர் சிரித்தாரா என்று பார்த்துக்கொண்டுதான் நீங்கள் வாயைத் திறப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்புறம் பேச்சு முற்றி, அந்த மூன்று பேராசிரியர்களையும் இப்படிக் கேவலப்படுத்தலாமா என்று யாராவது சண்டைக்கு வந்தால், தயவுசெய்து என்னை இழுக்காதீர்கள். நானாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் யாரோ சொன்னதுதான்.